வீட்டு மின்சுற்றைப் பொது இடம் வழியாகக் கொண்டு போகலாமா?

கேள்வி இதுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் வீடு. எல்லா வீட்டு மீட்டர்களும் தரைத்தளத்து மீட்டர் அறையில் இருக்கின்றன. கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் மின்வாகன சார்ஜருக்கு ஒரு லைன் வேண்டும். வயரிங் செய்பவர் மூன்று யோசனைகள் சொல்லியிருக்கிறார். வீட்டு டிபியிலிருந்து (வீட்டின் சுற்றுகளெல்லாம் பிரியும் மின்பலகை) படிக்கட்டு ஓரமாகப் பைப் போட்டு இறக்கலாம். இல்லையென்றால் இரண்டாவது மாடி வீட்டின் பொய்க்கூரைக்கு மேலாகக் கொண்டுபோனால் தூரம் குறையும். அப்புறம், படிக்கட்டு விளக்கு லைன் பக்கத்திலேயே ஓடுவதால் நியூட்ரலை அதிலிருந்து எடுத்துக்கொண்டால் ஒரு ஒயர் மிச்சம். மூன்றில் எது சரி?

முதல் யோசனையை ஒழுங்காகச் செய்தால் செய்யலாம். இரண்டாவதை விட்டுவிடுங்கள். மூன்றாவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. உங்கள் மீட்டர் கீழேயே இருப்பதால் இவை மூன்றையும்விட நல்ல நான்காவது வழி ஒன்றும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தனி வீட்டில் ஒரு லைனை அணைப்பவரும் அதைத் தொடுபவரும் பெரும்பாலும் ஒரே ஆள், அல்லது ஒருவர் குரல் இன்னொருவருக்குக் கேட்கும் தூரத்தில் இருப்பவர்கள். அடுக்குமாடியில் அப்படியில்லை. மூன்றாவது மாடியில் நீங்கள் போட்ட ஒயரை ஐந்து வருடம் கழித்துத் தரைத்தளத்தில் யாரோ ஒருவர் திறப்பார். அவருக்கு உங்களைத் தெரியாது. அந்த ஒயர் எந்த டிபியிலிருந்து வருகிறது என்றும் தெரியாது. அதனால் பொது இடத்தில் ஒயர் போகலாமா என்று கேட்கும்போது நான் முதலில் பார்ப்பது மூன்று விஷயம்: இந்தச் சுற்று யாருடைய மீட்டரில் ஓடுகிறது, இதை அணைக்கும் இடம் எது, இதைத் தொடப்போகிறவருக்கு அந்த இடம் தெரியுமா. இந்த மூன்றுக்கும் தெளிவான ஒரே பதில் இருந்தால், ஒயர் பொது வராந்தாவில் போவதில் தவறே இல்லை. மீட்டரிலிருந்து உங்கள் வீட்டுக்கு ஏறும் மெயின் கேபிளே பொது ஷாஃப்ட் வழியாகத்தான் வந்திருக்கிறது.

அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பில் பிரிவு 210.25 இதற்காகவே இருக்கிறது. ஒரு வீட்டின் சுற்று அந்த வீட்டின் லோடுகளுக்கும் அந்த வீட்டோடு சேர்ந்தவற்றுக்கும் மட்டுமே மின்சாரம் தர வேண்டும். படிக்கட்டு விளக்கு, தீ அபாய மணி போன்ற பொதுத் தேவைகளுக்கு எந்தத் தனி வீட்டின் பலகையிலிருந்தும் மின்சாரம் எடுக்கக் கூடாது. காரணம் எளிது. ஒரு குடும்பம் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகும்போது மெயினை அணைத்தாலோ, கட்டணம் கட்டாமல் இணைப்புத் துண்டிக்கப்பட்டாலோ, மற்ற எல்லோருடைய படிக்கட்டும் இருட்டாகிவிடும். தீ மணியும் ஊமையாகிவிடும். அதே தொகுப்பில் பிரிவு 240.24, தங்கள் வீட்டுக்கு வரும் சுற்றுகளின் பிரேக்கர்களை அந்தந்த வீட்டுக்காரர் எளிதில் எட்ட முடிய வேண்டும் என்கிறது. உங்கள் நாட்டு விதியின் எண்ணும் சொற்களும் வேறாக இருக்கலாம். பின்னால் இருக்கும் காரணம் எங்கேயும் ஒன்றுதான்.

இப்போது அந்த மூன்றாவது யோசனை, நியூட்ரலைக் கடன் வாங்குவது. இதை நான் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் செய்து முடித்தவுடன் எல்லாம் சரியாக வேலை செய்யும். சார்ஜர் ஓடும், விளக்கு எரியும், யாருக்கும் சந்தேகம் வராது.

ஒரு நாள் காலையில் படிக்கட்டு விளக்கு ஒன்றை மாற்ற ஆள் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதுப் பலகையில் படிக்கட்டு விளக்கின் எம்சிபி பிரேக்கரை இறக்குகிறார். முதல் மாடித் திருப்பத்தில் இருக்கும் ஜங்ஷன் பாக்ஸைத் திறக்கிறார். பேஸ் ஒயரில் டெஸ்டரை வைக்கிறார், எரியவில்லை. நியூட்ரலிலும் வைக்கிறார், எரியவில்லை. கற்றுக்கொடுத்தபடி எல்லாமே செய்துவிட்டார். இப்போது நியூட்ரல் ஒயர்கள் முறுக்கிக் கட்டியிருக்கும் இணைப்பைப் பிரிக்கிறார். அதே நேரத்தில் கீழே உங்கள் வண்டி சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கிறது. சார்ஜர் இழுக்கும் 16 ஆம்பியர் மின்னோட்டம் உங்கள் பேஸ் வழியாக வந்து, சார்ஜரைக் கடந்து, அவர் கையில் இருக்கும் அந்த நியூட்ரல் வழியாகத்தான் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. இணைப்புப் பிரிந்த நொடியில், சார்ஜர் பக்கமாக இருக்கும் ஒயர் முனையில் முழு 230 வோல்ட் வந்து நிற்கும். இணைப்பு சேர்ந்திருந்தவரை அந்த முனை நியூட்ரலோடு கட்டிப்போடப்பட்டிருந்தது, அதனால்தான் டெஸ்டர் காட்டவில்லை. அவர் எதைத் தவறாகச் செய்தார்? ஒன்றுமில்லை. தவறு, என்றைக்கோ ஒரு ஒயர் மிச்சம் பிடித்தபோது நடந்தது.

பிரிட்டனில் இதற்கு ‘கடன் வாங்கிய நியூட்ரல்’ என்றே பெயர். மாடி, கீழ் இரண்டு இடத்திலும் சுவிட்ச் வைத்த படிக்கட்டு விளக்குக்குப் பேஸைக் கீழ்ச்சுற்றிலும் நியூட்ரலை மேல்ச்சுற்றிலும் எடுத்து முடிச்சுப் போடும் பழக்கம் அங்கே பழைய வீடுகளில் நிறைய இருந்தது. ஒவ்வொரு சுற்றும் மற்றதிலிருந்து மின்சார ரீதியாகப் பிரிந்திருக்க வேண்டும் என்று அவர்களுடைய பிஎஸ் 7671 என்ற மின் வயரிங் விதி சொல்வது இந்த ஆபத்தை மனதில் வைத்துத்தான்.

வேலை செய்பவரின் உயிரோடு இது நிற்பதில்லை. உங்கள் டிபியில் ஆர்சிசிபி இருந்தால், போகிற மின்னோட்டமும் வருகிற மின்னோட்டமும் சமமா என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்தில் விழ வேண்டிய கருவி அது. 16 ஆம்பியர் போய், ஒன்றுமே திரும்பி வராவிட்டால் சார்ஜரைப் போட்டவுடன் விழும். நியாயமாக அங்கேயே தவறு பிடிபட வேண்டும். ஆனால் நான் பார்த்தவரை அந்த இடத்தில் நடப்பது வேறு. ‘ஆர்சிசிபி கெட்டுப்போச்சு’ என்று அதைச் சுற்றி நேராக ஒயர் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு தவறை மறைக்க, உயிர் காக்கும் கருவியைக் கழற்றுகிறார்கள். உங்கள் வீட்டில் புது வேலை செய்தபிறகு ஆர்சிசிபி விழ ஆரம்பித்தால், கருவியைச் சந்தேகப்படுவதற்கு முன் ஒயரைச் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று, நியூட்ரல் ஒயரின் சூடு. விளக்குச் சுற்றுக்கு வழக்கமாக 1.5 சதுர மி.மீ. ஒயர் போட்டிருப்பார்கள். அதைக் காக்கும் எம்சிபி அந்தச் சுற்றின் பேஸில் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் சார்ஜர் 32 ஆம்பியர் இழுத்தால் அவ்வளவும் அந்த 1.5 நியூட்ரல் வழியாகப் போகும். விளக்கின் எம்சிபிக்கு அது தெரியாது, ஏனென்றால் அந்த மின்னோட்டம் அதன் வழியாகப் போகவில்லை. உங்கள் எம்சிபிக்கோ 32 ஆம்பியர் சாதாரண விஷயம். நடுவில் சுவருக்குள் ஒரு ஒயர் மணிக்கணக்கில் வெந்துகொண்டிருக்கும், எந்த பிரேக்கரும் விழாது.

நியூட்ரல்களைக் கலப்பதால் வரும் ஆபத்து இன்னும் ஒரு வகையில் வரும். பெரிய கட்டடங்களுக்கு மூன்று பேஸ் வருகிறது. வீடுகள் மூன்றாகப் பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. வெவ்வேறு பேஸில் இருக்கும் இரண்டு வீடுகள் ஒரே நியூட்ரலைப் பகிர்ந்திருந்து, அந்தப் பொது நியூட்ரல் எங்கேயாவது விட்டுப்போனால், இரண்டு வீட்டு லோடுகளும் இரண்டு பேஸுக்கும் இடையிலான 400 வோல்ட்டுக்கு நடுவே தொடராக மாட்டிக்கொள்ளும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வீட்டில் 1000 வாட் இஸ்திரிப்பெட்டி, மின்தடை சுமார் 53 ஓம். மற்ற வீட்டில் 100 வாட் சாதனம், சுமார் 529 ஓம். 400 வோல்ட் இந்த விகிதத்தில் பிரியும்: இஸ்திரிப்பெட்டிக்கு 36 வோல்ட், அந்தச் சிறிய சாதனத்துக்கு 364 வோல்ட். ஒரு வீட்டில் பெட்டி சூடாகவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பார்கள், பக்கத்து வீட்டில் டிவி புகையும். குறைவான லோடு உள்ள வீடுதான் அடிவாங்கும். மின்சாரம் போய் வந்தபிறகு சில விளக்குகள் மட்டும் கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தில் எரிந்தால், சில மங்கினால், உடனே மெயினை இறக்கிவிட்டு நியூட்ரலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எர்த் ஒயர் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலர் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். கட்டடத்தின் எர்த் பொதுவாக இருப்பதில் தவறில்லை. ஒரே கட்டடத்தின் எர்த் எல்லாம் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருப்பதுதான் நல்லது. ஆனால் உங்கள் சுற்றின் எர்த், உங்கள் பேஸ் நியூட்ரலோடு சேர்ந்து அதே பைப்பில் வர வேண்டும். கீழே கைக்கு எட்டும் தண்ணீர்க் குழாயில் சுற்றிவிட்டு எர்த் என்று சொல்வதை ஏற்காதீர்கள். குழாயின் ஒரு துண்டை என்றைக்காவது பிளாஸ்டிக்காக மாற்றினால் எர்த் அன்றோடு போய்விடும், அது யாருக்கும் தெரியாது.

சரி, இரண்டாவது யோசனை. அடுத்தவர் வீட்டின் பொய்க்கூரைக்கு மேலாக.

அனுமதி கிடைத்துவிட்டது, நல்ல மனிதர் என்று சொல்வீர்கள். இருக்கட்டும். ஒயர் அந்த வீட்டுக்குள் இருக்கும், அதன் பிரேக்கர் உங்கள் வீட்டுக்குள் இருக்கும். அவர் தன் வீட்டில் வேலை செய்யத் தன் மெயினை இறக்கினால், தன் வீடு முழுவதும் மின்சாரம் இல்லை என்றுதான் நம்புவார். அந்த நம்பிக்கையில்தான் துளைபோடும் கருவியைக் கையில் எடுப்பார். உங்கள் ஒயரில் அப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். மெயினை இறக்கிவிட்டால் நம் வீட்டுக்குள் எதைத் தொட்டாலும் பாதுகாப்பு என்ற நம்பிக்கையை ஒரு குடும்பத்திடமிருந்து பறிக்க யாருக்கும் உரிமை கிடையாது என்பது என் உறுதியான கருத்து. அவர் சம்மதித்தாலும் அடுத்துக் குடிவருபவர் சம்மதிக்கவில்லை. வாடகைக்கு வருபவரிடம் யாரும் இதைச் சொல்லப்போவதும் இல்லை.

சுவருக்குள் போகும் ஒயருக்கு ஒரு எழுதப்படாத மொழி இருக்கிறது. சுவரில் ஒரு சுவிட்ச் பெட்டியைப் பார்த்தால், அதற்கு நேர் மேலேயும் கீழேயும் பக்கவாட்டிலும் ஒயர் இருக்கலாம் என்று ஊகித்து, ஆணி அடிப்பதை அங்கே தவிர்க்கிறோம். பிரிட்டிஷ் விதி இதையே வரையறையாக்கியிருக்கிறது: சுவரின் மேற்பரப்பிலிருந்து 50 மி.மீ. ஆழத்துக்குள் போகும் சாதாரண கேபிள், சுவிட்ச் அல்லது பிளக் பாயிண்டுக்கு நேர்கோட்டில் இருக்க வேண்டும், அல்லது கூரை ஓரம், சுவர் மூலையிலிருந்து 150 மி.மீ.க்குள் ஓட வேண்டும். அடுத்தவர் ஒயர் ஒன்று உங்கள் சுவர் வழியாகப் போனால் இந்த மொழி உடைந்துவிடும். உங்கள் பக்கத்தில் சுவிட்சும் இல்லை, பெட்டியும் இல்லை. ஊகிக்க ஒரு தடயமும் இல்லாத இடத்தில் உயிருள்ள ஒயர் இருக்கும். இரண்டு வீட்டுக்கும் பொதுவான மெல்லிய சுவரில் ஆழமாகக் காடி வெட்டுவதும் இதே தவறுதான்.

எனவே முதல் யோசனை, பொதுப் பகுதி வழியாக. இதில் இடத்துக்கு இடம் வித்தியாசம் இருக்கிறது.

உங்கள் படிக்கட்டு காற்றோட்டமாகத் திறந்திருக்கிறதா, அல்லது தீத்தடுப்புக் கதவுகளோடு மூடிய கூண்டாக இருக்கிறதா என்று பாருங்கள். மூடிய கூண்டாக இருந்தால் அது தீ விபத்தில் தப்பிக்கும் வழி. அதன் சுவரைத் துளைத்து உங்கள் தனிப்பட்ட ஒயரைக் கொண்டுபோகக் கூடாது. பல நாடுகளின் மாதிரி கட்டட விதிகளிலும், அந்தப் படிக்கட்டின் தேவைக்கானவை தவிர வேறு எதுவும் அதற்குள் நுழையத் தடை இருக்கிறது. லிஃப்ட் ஷாஃப்டும் அப்படியே. மேலிருந்து கீழ்வரை நேராக ஓட்டை இருக்கிறதே என்று ஆசை வரும். லிஃப்டுக்குச் சம்பந்தமில்லாத ஒயர் அதற்குள் போகவே கூடாது. எரிவாயுக் குழாய் போகும் ஷாஃப்டும் வேண்டாம். மின்சாரத்துக்கென்றே விட்ட ஷாஃப்ட் இருந்தால் அதுதான் உங்கள் வழி. அது இல்லாதபோதுதான் திறந்த வராந்தா, திறந்த படிக்கட்டு.

அங்கே பிளாஸ்டிக் கேசிங் ஒட்டி ஒயர் கொண்டுபோவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதற்கான காரணம் இரண்டு கட்டடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. 2005இல் இங்கிலாந்தின் ஸ்டீவனேஜ் நகரில் ஹாரோ கோர்ட் என்ற அடுக்குமாடியில் தீ விபத்து. 2010இல் சவுத்தாம்ப்டன் நகரில் ஷர்லி டவர்ஸ் என்ற அடுக்குமாடியில் இன்னொரு தீ விபத்து. இரண்டிலும் தீயணைப்பு வீரர்கள் இருவர் இருவராக உயிரிழந்தார்கள். இரண்டு விசாரணைகளிலும் ஒரே விஷயம் வெளிப்பட்டது. சூட்டில் பிளாஸ்டிக் கேசிங் உருகி, கேபிள்கள் கொத்தாகக் கீழே தொங்கி, புகையில் ஒன்றும் தெரியாமல் தவழ்ந்துகொண்டிருந்த வீரர்களின் உடம்பிலும் முதுகிலிருந்த மூச்சுக் கருவியிலும் சிக்கிக்கொண்டன. அதற்குப் பிறகு பிஎஸ் 7671 மாறியது. தப்பிக்கும் வழிகளில் கேபிள்கள் தீயில் சீக்கிரம் அறுந்து விழாதபடி தாங்கப்பட வேண்டும் என்று 2015இல் சேர்த்தார்கள். 2018 பதிப்பில் எல்லா இடங்களுக்கும் விரித்தார்கள்.

அதனால் பொது வராந்தாவில் ஓடும் ஒயருக்கு இரும்புப் பைப், அல்லது குறைந்தபட்சம் இரும்புக் கிளாம்ப். பிளாஸ்டிக் ரவுல் பிளக்கை மட்டும் நம்பித் தலைக்கு மேல் எதையும் தொங்கவிடாதீர்கள். கேபிளின் உறையும் முக்கியம். சாதாரண பிவிசி எரியும்போது கறுப்புப் புகையோடு ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறும்; ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலம், கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். புகை குறைவாக வரும், ஹாலஜன் இல்லாத உறை போட்ட ஒயர் விற்கிறது. ஊரே ஓடிவரும் படிக்கட்டில் அதைத்தான் போட வேண்டும்.

அப்புறம் ஓட்டைகள். மூன்றாவது மாடித் தளத்தில் ஒரு இஞ்ச் துளை போட்டு பைப்பை இறக்கிவிட்டுச் சுற்றிலும் கொஞ்சம் சிமென்ட் பூசிவிட்டுப் போவார்கள், சில சமயம் அதுகூட இருக்காது. தீத்தடுப்புச் சுவருக்கும் தளத்துக்கும் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று தாங்கும் கணக்கு இருக்கிறது. நீங்கள் போட்ட துளை அந்தக் கணக்கைக் காலி செய்துவிடும். துளையை அதற்கென்று சோதிக்கப்பட்ட தீத்தடுப்புப் பொருளால் அடைக்க வேண்டும். சூடானால் உப்பி இடைவெளியை மூடிக்கொள்ளும் வகைகள் இருக்கின்றன. பிளாஸ்டிக் பைப் தளத்தைக் கடக்கும் இடத்தில் வெறும் பூச்சு போதாது. தீயில் பைப்பே உருகிப்போய் அதன் உள்வட்டம் முழு ஓட்டையாக நிற்கும், அதைச் சுற்றி நெருக்கிப்பிடிக்கும் காலர் தேவை. ஸ்ப்ரே ஃபோமை அடித்து நிரப்புவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. சாதாரண ஃபோம் தானே எரியும் பொருள். 1975 மார்ச் மாதம் அமெரிக்காவின் பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்தில் கேபிள் துளை அடைப்பில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று மெழுகுவத்திச் சுடரை வைத்துப் பார்த்தார்கள். அடைத்திருந்த பாலியூரித்தேன் ஃபோமில் தீப்பற்றி, துளை வழியாக அடுத்த பகுதிக்குள் பாய்ந்து, 1,600க்கும் மேற்பட்ட கேபிள்கள் சேதமாயின. கேபிள் துளை அடைப்பை உலகம் முழுக்கப் பொறியாளர்கள் அக்கறையோடு பார்க்க ஆரம்பித்ததில் அந்த விபத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

மின்சார ஷாஃப்ட் கிடைத்துவிட்டால் வேறு ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டும்: கூட்டம். ஒயர் தனியாக ஓடும்போது தாங்கும் மின்னோட்டம் வேறு, பத்து ஒயரோடு நெருக்கமாக ஓடும்போது வேறு. சூடு வெளியே போக வழியில்லாமல் ஒன்றை ஒன்று வேகவைக்கும். ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) அட்டவணைப்படி ஒரே பைப்பில் இரண்டு சுற்றுகள் முழு லோடில் ஓடினால் தாங்கும் அளவு 80 சதவீதமாகக் குறையும், மூன்று என்றால் 70, ஆறு என்றால் 57. அடுத்த வீட்டுக்காரர் பைப்பில் இடம் இருக்கிறது என்று உங்கள் ஒயரையும் அதில் நுழைத்தால், உங்கள் ஒயர் மட்டுமல்ல, அவர் ஒயரும் அளவு போதாததாகிவிடும். மின்வாகன சார்ஜர் இரவு முழுக்க நிற்காமல் இழுக்கும் லோடு என்பதால் இது வெறும் ஏட்டுக்கணக்காக இருக்காது. உங்களுக்குத் தனிப் பைப்.

ஒயர் அளவுக்கு ஒரு கணக்கு. மூன்றாவது மாடி டிபியிலிருந்து வளைந்து நெளிந்து கீழே வர 40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 16 ஆம்பியர் சார்ஜருக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் போட்டால், போக வர சேர்த்து சுமார் 11.5 வோல்ட் வழியிலேயே தொலையும். 230 வோல்ட்டில் அது 5 சதவீதம். விளக்கு அல்லாத லோடுகளுக்கு ஐஇசி பரிந்துரைக்கும் உச்சமே 5 சதவீதம்தான், அதுவும் கட்டடத்துக்கு மின்சாரம் நுழையும் இடத்திலிருந்து மொத்தமாக. உங்கள் மீட்டரிலிருந்து வீட்டுக்கு ஏறும் கேபிளில் தொலைவதும் இதில் அடங்கும். 4 சதுர மி.மீ. போட்டால் சுமார் 7 வோல்ட், 3 சதவீதம். 32 ஆம்பியர் சார்ஜர் என்றால் 6 சதுர மி.மீ. ஒயரில் 9.3 வோல்ட், 4 சதவீதம். 10 போட்டால் 5.6 வோல்ட்.

இந்தக் கணக்கைப் பார்த்தவுடனே நான்காவது வழி தானாகத் தெரிய வரும். மின்சாரம் கீழே மீட்டரிலிருந்து மூன்று மாடி ஏறி உங்கள் டிபிக்கு வந்து, அங்கிருந்து திரும்ப மூன்று மாடி இறங்கி, புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. அதற்குப் பதிலாக மீட்டர் அறையிலேயே, உங்கள் மீட்டருக்கு அடுத்து, உங்கள் பெயரில் ஒரு சின்னப் பலகை வைத்து இரண்டாகப் பிரித்துவிடலாம்: ஒன்று வீட்டுக்கு ஏறும் பழைய கேபிள், இன்னொன்று சார்ஜருக்கு. 40 மீட்டர் பத்து, பதினைந்து மீட்டராகச் சுருங்கும். எந்த மாடித் தளத்தையும் துளைக்க வேண்டாம், படிக்கட்டைத் தொட வேண்டாம். மின் வாரியத்தின் அனுமதியும் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரின் கையெழுத்தும் வேண்டும். மீட்டர் பெட்டியின் சீலை யாரும் தானாக உடைக்கக் கூடாது. மீட்டர் அறைப் பூட்டின் சாவி ஒருவரிடம் மட்டும் இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். உங்கள் பிரேக்கரை நீங்கள் எந்த நேரமும் எட்ட முடியாவிட்டால் இந்த வழியின் பாதிப் பலன் போய்விடும்.

எந்த வழியாக வந்தாலும் சார்ஜர் முனையில் சில விஷயங்கள் மாறாது. சார்ஜருக்கென்று தனிச் சுற்று. அதில் வேறு பிளக் பாயிண்ட், விளக்கு எதுவும் சேரக் கூடாது. தனியாக ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதுவும் சார்ஜருக்கு ஏற்ற வகை. வண்டியின் மின்னணுச் சுற்றிலிருந்து நேர்மின்னோட்டம் கசிந்தால் சாதாரண ஆர்சிசிபி மரத்துப்போய்விடும். பிறகு உண்மையான கசிவு வந்தாலும் விழாது. அதனால்தான் ஐஇசி 60364இன் மின்வாகனப் பகுதி, பி வகை ஆர்சிசிபி கேட்கிறது, அல்லது 6 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டக் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவியோடு ஏ வகை. பல சார்ஜர்களுக்குள்ளேயே அந்தக் கருவி இருக்கிறது, வாங்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சார்ஜருக்குப் பக்கத்தில் பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் ஐசொலேட்டர் ஒன்று கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். அது பூட்டக்கூடியதாக இருந்தால் நல்லது. வண்டி இடிக்காத உயரத்தில், தண்ணீர் தேங்கும் இடத்துக்கு மேலே. மொத்த லோடையும் கணக்குப் பாருங்கள். 32 ஆம்பியர் சார்ஜர் தனியாகவே 7.4 கிலோவாட். அனுமதிக்கப்பட்ட லோடு போதாவிட்டால் 16 ஆம்பியருக்குக் குறைத்து ஓட்டினாலும் இரவுக்குள் பெரும்பாலோருக்குப் போதுமான சார்ஜ் ஏறிவிடும்.

புது வேலை தொடங்கும் முன் பழையதை ஒருமுறை சோதித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வெளிச்சம் மங்கும் நேரத்தில் பொது விளக்குகள் எல்லாவற்றையும் எரியவிட்டு, உங்கள் மெயினை இறக்குங்கள். மாடியிலிருந்து தரைவரை நடந்து பாருங்கள். படிக்கட்டில் ஒரு விளக்கு அணைந்திருந்தால், தண்ணீர் மோட்டாரோ வாசல் மணியோ வேலை செய்யாவிட்டால், அது இத்தனை நாளும் உங்கள் மீட்டரில் ஓடியிருக்கிறது. மறுபக்கமும் பாருங்கள்: பொது மெயினை இறக்கும்போது யார் வீட்டிலாவது ஒரு அறை இருட்டாகிறதா? எனக்குத் தெரிந்த ஒரு கட்டடத்தில் இந்த நடையில் மட்டும் மூன்று வீடுகளின் பால்கனி விளக்குகள் பொது மீட்டரில் இருப்பது தெரியவந்தது. கட்டியவர்கள் அருகில் இருந்த ஒயரில் சேர்த்துவிட்டுப் போயிருந்தார்கள். யார் மேலும் கோபப்படாமல், எல்லோரும் சேர்ந்து ஒரே வாரத்தில் பிரித்துக்கொண்டார்கள். நியூட்ரல் கலந்திருப்பது இந்தச் சோதனையில் தெரியாது. அதற்கு ஒயர்மேன் ஒவ்வொரு சுற்றின் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து கிளாம்ப் மீட்டருக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். சுற்று சுத்தமாக இருந்தால் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். ஆம்பியர் கணக்கில் எண் வந்தால், திரும்பிப் போகும் மின்னோட்டம் வேறு எங்கோ வழி பிடித்திருக்கிறது.

கடைசியாக, எழுத்து வேலை. பொது இடத்தில் உங்கள் பைப் திரும்பும் ஒவ்வொரு இடத்திலும், ஒவ்வொரு பெட்டி மூடியிலும், அழியாத மையில் வீட்டு எண்ணும் பிரேக்கர் இருக்கும் இடமும் எழுதுங்கள்: ‘3-பி வீடு, சார்ஜர் லைன், அணைக்கும் இடம் மீட்டர் அறை, இடமிருந்து நான்காவது பலகை’ என்று முழுதாக. சுருக்கெழுத்து வேண்டாம். ஒயர் போன வழியை ஒரு தாளில் வரைந்து, சுவரை மூடும் முன் எடுத்த புகைப்படங்களோடு சங்கத்திடம் ஒரு பிரதி கொடுங்கள். மீட்டர் அறைக் கதவின் உள்பக்கத்தில் இன்னொரு பிரதியை பிளாஸ்டிக் உறையில் ஒட்டுங்கள். ஐந்து வருடம் கழித்து அந்தப் பெட்டியைத் திறக்கப்போகிறவர் முதலில் வந்து நிற்கும் இடம் அந்தக் கதவுதான்.